அறைக்குள் விஸ்டீரியா: வேலூர் வெப்பத்தில் இளங்கன்றை விளக்கொளியில் வளர்த்துப் பழக்கும் முறை

விஸ்டீரியா ஒரு கொடி. அதிகம் வளர்க்கப்படும் அதன் இரு இனங்களின் தாயகம் சீனமும் ஜப்பானும். நம் புங்கமும் அவரையும் சங்குப்பூவும் சேர்ந்த அதே பயறு வகைக் குடும்பத்தைச் சேர்ந்தது இக்கொடி. குளிர்காலத்தில் இலையுதிர்த்து ஓய்வெடுத்த பின்பே அது ஊதா நிறப் பூங்கொத்துகளைத் தொங்கவிடும். அந்த அளவு குளிர் வேலூரின் மார்கழி இரவுகளில்கூடக் கிடைப்பதில்லை. கத்திரி வெயிலிலோ வெப்பம் 40 டிகிரியைத் தாண்டி, பாறைக் குன்றுகளின் சூடு இரவிலும் தணியாமல் இளங்கன்றை வாட்டிவிடும். ஆகவே இங்கே அறைக்குள் வளர்ப்பவர்கள் பூவை எதிர்பார்த்துத் தொடங்க வேண்டாம். முதல் மூன்று ஆண்டுகளில் உறுதியான, நேரான அடித்தண்டை உருவாக்குவதே நம் வேலை. விதையிலிருந்து வந்த செடி குளிர் நாடுகளிலேயே பூக்கப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் எடுத்துக்கொள்வது உண்டு.

விதையின் மேல்தோலை லேசாகக் கீறி, 24 மணி நேரம் நீரில் ஊறவைத்து, ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் ஊன்றலாம். விதையும் காயும் நச்சுத்தன்மை உடையவை என்பதால், குழந்தைகள் இருக்கும் வீட்டில் அவற்றைப் பூட்டி வைக்க வேண்டும். செம்மண் இரு பங்கு, கழுவிய மணல் ஒரு பங்கு, இலை மட்கு ஒரு பங்கு என்ற கலவை போதும். வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள தழைச்சத்தை (நைட்ரஜனை) இழுத்துத் தருவதால், யூரியா போன்றவற்றைத் தவிர்ப்பதே நல்லது.

உரத்தைவிடத் தண்ணீரில்தான் அதிகக் கவனம் வேண்டும். நம் பகுதியின் ஆழ்துளைக் கிணற்று நீர் பெரும்பாலும் உப்பும் சுண்ணாம்பும் கலந்த கடின நீர். அதைத் தொடர்ந்து ஊற்றினால் தொட்டியின் விளிம்பில் உப்பு வெள்ளையாகப் படிவதும், புது இலைகள் நரம்பு மட்டும் பச்சையாக நிற்க மற்றப் பகுதி மஞ்சளாவதும் காணலாம். இது மண் காரமாகி, செடி இரும்புச் சத்தை எடுக்க முடியாமல் தவிப்பதன் அறிகுறி. ஐப்பசி, கார்த்திகை மழைநீரைப் பிடித்து வைத்துக்கொள்வது எளிய தீர்வு.

விளக்குக்கு, வெள்ளை ஒளி தரும் 20 வாட் எல்இடி குழல்விளக்குகள் இரண்டை, கன்றின் நுனிக்கு மேல் ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் உயரத்தில் தொங்கவிட்டு, டைமர் வைத்து நாளொன்றுக்கு 14 மணி நேரம் எரியவிடலாம். கணுக்களுக்கு இடையே தண்டு நீண்டு மெலிந்தால் விளக்கைத் தாழ்த்த வேண்டும். இலை நுனி கருகினால் உயர்த்த வேண்டும். ஏசி அறையின் வறண்ட காற்று இலைச்சாற்றை உறிஞ்சும் செஞ்சிலந்திக்கு மிகவும் உகந்தது என்பதால், வாரம் ஒருமுறை இலையின் அடிப்பக்கத்தை நீரால் கழுவிப் பார்ப்பது அவசியம்.

இனிப் பழக்குதல். மேலிருந்து பார்த்தால் சீன இனம் கடிகாரத்துக்கு எதிர்த்திசையிலும், ஜப்பானிய இனம் கடிகாரத் திசையிலும் சுற்றும். எந்த இனம் என்று தெரியாமல் வாங்கிய கன்றை இதை வைத்தே அடையாளம் காணலாம். ஆனால் அடித்தண்டைக் கொழுகொம்பில் சுற்ற விடவே கூடாது. நான் வளர்த்த முதல் கன்றை அதன் போக்கில் மூங்கில் குச்சியைச் சுற்றவிட்டேன். அழகாக இருக்கிறது என்றே மகிழ்ந்தேன். இரண்டாம் ஆண்டில் தண்டு பருத்துக் குச்சியை இறுக்கியபோது, அதைப் பிரிக்க முயன்று தண்டையே ஒடித்துவிட்டேன். அந்த இழப்பு எனக்கு இன்றும் வருத்தம் தருவது. எனவே பச்சையாக வளையும் பருவத்திலேயே, மூன்று நாளுக்கு ஒருமுறை சுற்றைப் பிரித்து, நேராக நிறுத்தி, வாழை நாரால் எட்டு வடிவத்தில் தளர்வாகக் கட்ட வேண்டும். கம்பி தண்டை அறுத்துவிடும்.

ஒரே ஒரு தலைத்தண்டை மட்டும் வைத்துக்கொண்டு, பக்கக் கிளைகளை இரண்டு மூன்று இலைகள் விட்டுக் கிள்ளி வர வேண்டும். அவற்றை அடியோடு நீக்கினால் தண்டு பருக்காது. உயரம் 60 சென்டிமீட்டர் ஆனதும் நுனியைக் கிள்ளினால் மேலே நான்கைந்து கிளைகள் பிரியும். அவை குடையின் கம்பிகளைப் போல விரிய, எதிரெதிர்த் திசையில் இருப்பவற்றை மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

மார்கழி தொடங்கி மாசி வரை விளக்கு எரியும் நேரத்தை நாளொன்றுக்கு 10 மணி நேரமாகக் குறைத்து, நீரையும் குறைத்து, வீட்டின் குளிர்ந்த வடக்கு ஜன்னலருகே தொட்டியை வைத்தால், முழு உறக்கம் கிடைக்காவிட்டாலும் வளர்ச்சி சற்றே அடங்கும். கிளைகளை இரண்டு மூன்று மொட்டுகள் விட்டு வெட்ட அதுவே ஏற்ற காலம். மூன்றாம் ஆண்டு முடிவில் கட்டுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துப் பார்த்து, தண்டு சாயாமல் தானே நின்றால் குச்சியை எடுத்துவிடலாம். சாய்ந்தால் மறுபடியும் கட்டி இன்னும் ஓராண்டு பொறுக்க வேண்டும்.