பாபிலோனியர் போல் களிமண்ணில் எண் எழுதுவது எப்படி?

ஒரு மணிக்கு 60 நிமிடம் என்கிற கணக்கு மெசொப்பொத்தேமியாவிலிருந்து (இன்றைய ஈராக் பகுதி) வந்தது. கி.மு. 3200 வாக்கில் உருக் நகரத்துக் கணக்கர்கள் நாணல் தண்டின் வட்ட முனையைக் களிமண்ணில் அழுத்தி ஆடுகளை எண்ணினார்கள். சாய்த்து அழுத்தினால் 1, நேராகக் குத்தினால் 10, பெரிய தண்டைச் சாய்த்து அழுத்தினால் 60. பின்னால் வந்த பாபிலோனியரின் ஆப்பெழுத்தில் (ஆப்பு வடிவக் குறிகளைப் பதித்து எழுதும் முறை) இரண்டே குறிகள் போதும் என்றாகிவிட்டது. நாம் எழுதப்போவது அதைத்தான்.

களிமண்: குயவரிடம் வாங்கியதே நல்லது. கடையில் விற்கும் விளையாட்டு மாவு வேண்டாம், விளிம்பு மழுங்கிவிடும். எழுதுகோலுக்கு, நுனியை நேராக வெட்டிய ஐஸ் குச்சி போதும்.

குறிகள்: குச்சியின் மூலையை மேலே சற்று ஆழமாகப் பதித்து, விளிம்பைக் கீழ்நோக்கிப் படுக்க வையுங்கள். தலை பருத்து வால் மெலிந்த ஆப்பு கிடைக்கும், அது 1. குச்சியைத் திருப்பி மூலையை மட்டும் அழுத்தினால் ‘<’ போல வரும், அது 10. பத்துகளை முதலில் வையுங்கள், ஒன்றுகளை மூன்று மூன்றாக அடுக்குங்கள்.

பிரித்தல்: நம் எண்களில் ஒவ்வொரு இடமும் பத்து மடங்கு, இங்கே 60 மடங்கு: வலக்கடைசியில் ஒன்றுகள், அதற்கு இடப்பக்கம் 60-கள், அதற்கும் முன்னால் 3600-கள். 4275 என்றால் 3600 ஒருமுறை, மீதி 675. அதில் 60 பதினொரு முறை, மீதி 15. ஆக 1, 11, 15 என்று இடமிருந்து வலமாக எழுத வேண்டும்.

இடைவெளி: சிக்கல் இங்கேதான். 2 என்றாலும் இரண்டு ஆப்பு, 61 என்றாலும் இரண்டு ஆப்பு. 2-க்கு ஒட்டி வையுங்கள், 61-க்குத் தள்ளி வையுங்கள். சரி, 3601? நடு இடம் காலி, பழைய பாபிலோனியரிடம் பூஜ்யக் குறி கிடையாது. இன்னும் கொஞ்சம் தள்ளி வைக்கலாம், அவ்வளவுதான். மீதியைச் சூழலை வைத்துப் புரிந்துகொண்டார்கள். ஒவ்வொரு ஆப்பையும் பதிக்கும் முன் அடுத்தது எங்கே வரும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்; ஈரக் களிமண்ணில் அழித்து எழுதினால் பக்கத்துக் குறியும் நசுங்கிவிடும்.

பிற்சேர்க்கை: காலி இடத்துக்குக் குறியே வரவில்லையா என்று சிலர் கேட்டிருந்தார்கள். வந்தது. கி.மு. 300 வாக்கில் இரண்டு சாய்ந்த ஆப்புகளை நடுவில் வைத்தார்கள். ஆனால் எண்ணின் கடைசியில் அதை வைப்பது வழக்கமில்லை, அதனால் 1-ம் 60-ம் அப்போதும் ஒரே மாதிரிதான்.

பயிற்சிக்கு, யேல் பல்கலைக்கழகத்தில் உள்ள ஒய்பிசி 7289 என்ற பாபிலோனியக் களிமண் பலகையை எழுதிப் பாருங்கள். உள்ளங்கை அளவுதான். அதில் வரைந்திருக்கும் சதுரத்தின் மூலைவிட்டத்தில் 1, 24, 51, 10 என்றிருக்கிறது. முதல் 1-ஐ முழு எண்ணாக எடுத்து, மற்றவற்றை 60, 3600, 2,16,000 ஆல் வகுத்துக் கூட்டினால் 1.41421 வரும். இரண்டின் வர்க்கமூலம்!