பெரிய கருப்பு மரங்கொத்தியைப் பார்த்தால் எப்படிப் பதிவு செய்வது?

அமெரிக்காவின் தந்த அலகு மரங்கொத்தி இருக்கிறதா, அற்றுப்போனதா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. எல்லோரும் ஒப்புக்கொண்ட கடைசிக் காட்சி 1944-இல், லூசியானாவில். 2004-இல் ஆர்கன்சாவில் எடுத்த வீடியோவில் பறவை இருப்பது சுமார் நான்கு நொடி, அதுவும் மங்கலாக. அங்கே சகஜமான வேறொரு கருப்பு மரங்கொத்திதான் அது என்று ஒரு சாரார் மறுத்துவிட்டார்கள். களக்காடு முண்டந்துறையில் இருக்கும் நம் வெள்ளை வயிற்றுக் கருப்பு மரங்கொத்திக்கு அந்த கதி இல்லை. ஆனால் எதிர்வெயிலில் எடுத்த மங்கல் படத்தை இங்கும் யாரும் நம்பமாட்டார்கள்.

வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே போகாதீர்கள். இது புலிகள் காப்பகம். இலை உதிர்ந்திருக்கும் மாசி, பங்குனியில் முண்டந்துறைப் பக்கம் பார்வை நன்றாக எட்டும். விடிந்து இரண்டு மணி நேரம் பட்ட மரங்களைக் கவனியுங்கள்.

முதலில் காதுதான். இரை தேடும் கொத்தல் விட்டுவிட்டுக் கேட்கும். அலகால் மரத்தை வேகமாகத் தட்டும் முழக்கம் ஒரே மூச்சில் உருளும். கூப்பிடும் குரலை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். துடுப்புவால் கரிச்சான் பிற பறவைகளின் குரலை அப்படியே எடுக்கும், அனுபவசாலிகளும் ஏமாறுவார்கள். போனில் குரலை ஒலிக்கவிட்டு வரவழைக்கவே கூடாது. அடைகாக்கும் பறவை பொந்தை விட்டு வந்துவிடும்.

நம் கருப்பு மரங்கொத்தியின் நீளம் சுமார் 48 செ.மீ. உடல் கருப்பு, வயிறும் வாலுக்கு மேல்பகுதியும் வெள்ளை. ஆணுக்கு உச்சி முழுக்கச் சிவப்பு, கன்னத்திலும் சிவப்புப் பட்டை. பெண்ணுக்குப் பின்னந்தலையில் மட்டும். பொன்முதுகு மரங்கொத்தி ஏறி இறங்கிப் பறக்கும், இது காக்கை மாதிரி ஏறக்குறைய நேராகப் போகும். இருதய வடிவப் புள்ளி உள்ள கருப்பு வெள்ளை மரங்கொத்தியும் குழப்பும், ஆனால் அது சிட்டுக்குருவி அளவுதான்.

கேமராவில் ஒற்றைப்புள்ளி ஃபோகஸ் வையுங்கள், இல்லாவிட்டால் முன்னால் நிற்கும் கொப்பைத்தான் பிடிக்கும். வானம் பின்னணியானால் வெளிச்சத்தை ஒரு படி கூட்டுங்கள். கூட்டாவிட்டால் வயிறும் கருப்பாகிவிடும். உட்கார்ந்த பறவைக்கு 1/500 நொடி ஷட்டர் வேகம் போதும், பறந்தால் 1/1600.

பறவை போனதும் நின்ற இடத்தைவிட்டு நகராதீர்கள். கூட வந்தவரை ஒரு மீட்டர் கம்போடு அதே மரத்தடியில் நிற்கச் சொல்லி, அதே ஜூமில் ஒரு படம் எடுங்கள். உடல் அளவைச் சொல்ல இதைவிட நல்ல சாட்சி கிடையாது. பறவைக் கையேட்டைத் திறக்குமுன் நேரம், தூரம், கண்ட நிறங்களை எழுதிவிடுங்கள். கையேட்டின் படத்தைப் பார்த்தபின் எழுதினால் காணாத சிவப்பும் கண்டதாகிவிடும். மூலக் கோப்பை வெட்டாமல் வையுங்கள். வாட்ஸ்அப்பில் சுருங்கிப்போன பிரதியில் கன்னப்பட்டை இருக்காது.