கோத்தகிரிக்கு வண்டியில் போகிறவர்களுக்கு

நீலகிரிக்கு 2024 மே முதல் இ-பாஸ் கட்டாயம், வீட்டிலேயே எடுத்துவிடுங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி சுமார் 33 கிலோமீட்டர். கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிவரும் வண்டிக்கு வழிவிடுங்கள்.

நடக்க லாங்வுட் சோலை போதும்: 116 ஹெக்டேர், 2024-இல் ராம்சார் பட்டியலில் (உலக முக்கிய ஈரநிலங்களின் பட்டியல்) சேர்ந்தது. வனத்துறை அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் அட்டை ஏறும். பிடித்து இழுக்காமல், வாய்ப்பக்கம் நகத்தை நுழைத்து நெம்பினால் விட்டுவிடும். ரத்தம் கொஞ்ச நேரம் கசியும், பயமில்லை.

சிக்கலே இறக்கத்தில்தான். ஏறிய கியரிலேயே இறங்குங்கள். பெட்ரோல் மிச்சமென்று நியூட்ரலில் விட்டால் பிரேக் சூடேறிப் பிடிக்காது. கருகல் வாடை வந்தால் ஓரங்கட்டி அரைமணி ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்றினால் டிஸ்க் கோணிக்கொள்ளும்.