ஆம்ப்ளிஃபயருக்குப் பவர் கேபிள்: எத்தனை சதுர மி.மீ. செம்பு வேண்டும்?

காரில் ஆம்ப்ளிஃபயர் பொருத்த வருகிறவர்களில் பலர் ஸ்பீக்கரையும் சப்வூஃபரையும் பார்த்துப் பார்த்து வாங்கிவிட்டு, பேட்டரியிலிருந்து வரும் கேபிளை மட்டும் கடைக்காரர் கொடுத்தபடியே எடுத்து வருகிறார்கள். கேபிளின் தடிமனை முடிவு செய்பவை இரண்டே: அதில் ஓடும் மின்னோட்டம், அது கடக்கும் தூரம்.

முதலில் மின்னோட்டம். அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் அச்சிட்டிருக்கும் 3000 வாட்டை ஒதுக்கிவிட்டு, கையேட்டில் உள்ள ஆர்.எம்.எஸ். வாட்டை, அதாவது கருவி தொடர்ந்து தரக்கூடிய திறனைப் பாருங்கள். டி வகை (Class D) ஆம்ப்ளிஃபயர் தான் இழுக்கும் மின்சாரத்தில் ஏறத்தாழ 80 சதவீதத்தை ஒலிக்கான திறனாக மாற்றுகிறது. ஏபி வகையில் (Class AB) 55 சதவீதம் தேறினாலே அதிகம். ஆகவே 500 வாட் ஆர்.எம்.எஸ். தரும் டி வகைக் கருவி பேட்டரியிலிருந்து 625 வாட் இழுக்கும். எஞ்சின் ஓடாத நேரத்தையும் கருதி 12.5 வோல்ட்டால் வகுத்தால் 50 ஆம்பியர். அதே 500 வாட்டுக்கு ஏபி வகை ஏறக்குறைய 73 ஆம்பியர் கேட்கும்.

அடுத்தது தூரம். பானெட்டிலிருந்து டிக்கி வரை கண்ணால் மதிப்பிடாமல், கேபிள் உண்மையில் போகவிருக்கும் வழியிலேயே ஒரு கயிற்றை ஓட்டி அளந்துகொள்ளுங்கள். செடான் காரில் 5 மீட்டர் வரை எளிதாக வந்துவிடும்.

ஒரு மீட்டர் நீளமும் ஒரு சதுர மி.மீ. பரப்பும் உள்ள செம்புக் கம்பியின் மின்தடை சுமார் 0.0175 ஓம். இதை மீட்டராலும் ஆம்பியராலும் பெருக்கி, நாம் இழக்கச் சம்மதிக்கும் வோல்ட்டால் வகுத்தால் தேவையான பரப்பு கிடைக்கும். நான் கால் வோல்ட்டுக்கு மேல் விடுவதில்லை. 0.0175 × 5 × 50 ÷ 0.25 என்பது 17.5 சதுர மி.மீ.; அதற்கு அடுத்த பெரிய அளவு 21 சதுர மி.மீ., அதாவது கம்பியின் தடிமனைக் குறிக்கும் கேஜ் (AWG) எண்ணில் 4 கேஜ். கேஜ் எண் குறையக் குறையக் கம்பி தடிக்கும் என்பதை மறந்துவிட வேண்டாம். இதே இடத்தில் 8.4 சதுர மி.மீ. உள்ள 8 கேஜ் போட்டால் அரை வோல்ட்டுக்குச் சற்று மேல் வழியிலேயே போய்விடும். முழுச் சுமையில் ஏறத்தாழ 26 வாட், ஒரு சிறிய சால்டரிங் அயர்னின் வெப்பம், உங்கள் கார் கம்பளத்துக்கு அடியில் வீணாகும்.

இந்தக் கணக்கு முழுவதும் சுத்தச் செம்புக்கு மட்டுமே பொருந்தும். மலிவு கிட்டுகளில் வருவது பெரும்பாலும் செம்பு பூசிய அலுமினியம். ஓர் இழையைப் பிரித்துக் கத்தி முனையால் சுரண்டிப் பாருங்கள்: உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் அது அலுமினியம், செம்புக்கு ஈடாக ஒன்றரை மடங்குக்கும் மேலான பரப்பு வேண்டும். தடித்த ரப்பர் உறைக்குள் மெலிந்த இழைக்கற்றையை வைத்து 4 கேஜ் என்று எழுதி விற்பதும் உண்டு. ஆகையால் உறையை உரித்து உள்ளே இருப்பதைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

எர்த் கேபிளும் அதே தடிமனில், முடிந்தவரை குட்டையாக இருக்க வேண்டும். பாடியில் பெயின்ட்டைச் சுரண்டி, பளிச்சென்ற இரும்பில் போல்ட் போட்டு இறுக்குங்கள். ஃப்யூஸைப் பேட்டரியிலிருந்து 45 செ.மீ.க்குள் வைப்பதில் சமரசமே கூடாது, ஏனென்றால் அது காப்பது ஆம்ப்ளிஃபயரை அல்ல, எங்காவது தகட்டில் உரசி ஷார்ட் ஆகக்கூடிய கேபிளையே. மேலே சொன்ன 50 ஆம்பியருக்கு 60 ஆம்பியர் ஃப்யூஸ் சரியாக இருக்கும்.

பாஸ் அதிரும்போது முகப்பு விளக்கு மங்குவதற்கும் இந்தக் கேபிளுக்கும் தொடர்பு குறைவு. அதற்குப் பேட்டரியையும் ஆல்டர்னேட்டரையும் பார்க்க வேண்டும்.

பொருத்தி முடித்தபின் பாட்டை உரக்க ஓடவிட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி பாசிட்டிவிலும் மறுமுனையை ஆம்ப்ளிஃபயரின் பாசிட்டிவ் முனையிலும் வையுங்கள். மல்டிமீட்டரின் ஒயர் எட்டாவிட்டால் நீட்டிக்க எந்த மெல்லிய ஒயரும் போதும். கால் வோல்ட்டைத் தாண்டிக் காட்டினால் கேபிளைக் குறை சொல்லும் முன் ஃப்யூஸ் ஹோல்டரைத் தொட்டுப் பாருங்கள். அது சுட்டால், இறுகாத ஸ்க்ரூவோ கேபிள் நுனியில் சரியாக அழுத்தப்படாத லக்கோ (உலோக முனையோ) அங்கே இருக்கிறது.