காய்ந்த மைப்பேடைத் தூக்கி எறிய வேண்டாம்

கைவினைக்குப் பயன்படுத்தும் ஸ்டாம்ப் பேட் மங்கலாகப் பதியத் தொடங்கியதும் புதிதாக ஒன்று வாங்கிவிடுவதே நம் வழக்கம். ஆனால் பஞ்சோ கம்பளியோ கெடாமல் இருந்தால், அதே வகை மறுநிரப்பு மையைச் சொட்டுச் சொட்டாக விட்டு அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிடலாம். சாய மை என்பது நிறம் கரைந்திருக்கும் மை; நிறமி மை என்பது கரையாத நுண்துகள்களாக நிறம் மிதக்கும் மை. சாய மைப்பேடில் நிறமி மையையும், நிறமி மைப்பேடில் சாய மையையும் கலக்கவே கூடாது. பேடின் குறுக்கே வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு சொட்டுகள் விட்டு, காலாவதியான ஏடிஎம் அட்டையின் விளிம்பால் மெல்ல இழுத்துவிட்டு, மூடி ஓர் இரவு வைத்திருந்தால் மை உள்ளே இறங்கிவிடும். ஒரே மூச்சில் புட்டியைக் கவிழ்த்து, முத்திரையின் நுண்கோடுகளெல்லாம் மையில் மூழ்கிப்போன அனுபவம் எனக்கு உண்டு. அப்படி நேர்ந்தால், மெல்லிய தாளை மேலே வைத்து ஒற்றி எடுத்தால் போதும்.

மீதமிருக்கும் மைக்கும் வேலை உண்டு. பிளாஸ்டிக் உறையின் மேல் இரண்டு நிறங்களில் மும்மூன்று சொட்டுச் சாய மை விட்டு, தண்ணீரைப் பூந்தூறலாகத் தெளித்து, புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் கைக்காகிதம் போன்ற தடித்த தாளை அதன்மேல் கவிழ்த்து எடுத்தால், அந்தி வானம் போன்ற பின்னணி ஒன்று கிடைக்கும். வாழ்த்து அட்டைக்கு அது மிகவும் பொருந்தும். கைக்காகிதம் மையைச் சற்று அதிகமாக உறிஞ்சிப் பரப்புவதால், ஓரத் துண்டில் முதலில் சோதித்துப் பார்ப்பது நல்லது. ஐப்பசி, கார்த்திகை மழையின்போது நம் கடலோர ஈரக்காற்றில் நிறமி மை காய நெடுநேரம் பிடிக்கும் என்பதால், அட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல் மின்விசிறிக்குக் கீழே பரப்பி வையுங்கள்.