சீனிச்சம்பல் போத்தலுக்கு என்ன விலை போடுவது?

கொரோனாவால் 2020 மார்ச் 20ஆம் திகதி இலங்கை முழுக்க ஊரடங்கு போட்டார்கள், கொழும்பில் அது மே மாதம் வரை நீண்டது. வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைத் தொடர்மாடிகளில் கேக், கறித்தூள், சீனிச்சம்பல் என்று வட்ஸ்அப்பில் விற்கத் தொடங்கிய எத்தனையோ பெண்களை அப்போது பார்த்தேன். பலர் பின்னர் நிறுத்திவிட்டார்கள். ஓடர் இல்லாமல் அல்ல, விலையைத் தப்பாகப் போட்டதால்தான். நீங்களும் தொடங்குவதென்றால் முதலில் ஒரு கொப்பியும் ஒரு சின்னத் தராசும் எடுங்கள்.

சீனிச்சம்பலையே பாருங்கள். ஒரு கிலோ வெங்காயம் வாங்கினால் தோல் போய், எண்ணெயில் வதங்கி நீர் வற்றிச் சட்டியில் மிஞ்சுவது எவ்வளவு என்று தெரியுமா? ஒருமுறை நிறுத்துப் பார்த்தால்தான் நெஞ்சில் பதியும். அதோடு மாசிக் கருவாடு, கொச்சிக்காய்த் தூள், புளி, சீனி, எண்ணெய், காஸ், போத்தல், லேபல், உடைந்துபோகிற போத்தல், எல்லாவற்றையும் எழுதுங்கள். அப்புறம் வெங்காயம் உரித்துக் கண்ணெரிந்து அடுப்படியில் நின்ற மூன்று மணித்தியாலத்துக்கும் கூலி போடுங்கள். "வீட்டு வேலைதானே" என்று அதை விட்டுவிடுகிறார்கள், எனக்கு மனம் பொறுக்காத இடம் அதுதான். வெங்காயமும் மாசியும் விலை ஏறும் இறங்கும், ஆகவே மாதம் ஒருமுறை கணக்கைத் திருப்பிப் பாருங்கள்.

டெலிவரியை முதலில் பக்கத்து வீதிகளோடு நிறுத்துங்கள். தூர இடத்துக்கு ஆட்டோக் காசு போத்தல் விலையைத் தாண்டிவிடும், அதனால் வாரத்தில் இரண்டு நாள் குறித்து, ஓடர்களைச் சேர்த்து ஒரே சுற்றில் கொடுத்துவிடுங்கள். புதிய ஆட்களிடம் பாதிக் காசு முற்பணமாகக் கேளுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பொருளை வாங்கிக்கொண்டு காசு தரும் முறையில், வாசல் வரை போனபின் "வேண்டாம்" என்றால் நட்டம் முழுக்க உங்களுக்கு.

நாலைந்து மாதம் ஓடினால் வியாபாரப் பெயரைப் பதிந்துவிடுங்கள். கிராம சேவகரிடம் தொடங்கி பிரதேச செயலகத்துக்குப் போக வேண்டும், வெள்ளவத்தைக்காரருக்கு அது திம்பிரிகஸ்யாய. அந்தச் சான்றிதழ் இருந்தால் வியாபாரப் பெயரிலேயே வங்கிக் கணக்குத் திறக்கலாம். சாப்பாட்டுச் சாமான் என்றால் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரையும் நீங்களே போய்ச் சந்தியுங்கள், அவர் தேடி வரும் வரை காத்திருக்க வேண்டாம்.

லேபலில் சேர்மானம், நிறை, முகவரி, செய்த திகதி, முடியும் திகதி எல்லாம் இருக்கட்டும். முடியும் திகதியை ஊகித்து எழுதாதீர்கள். ஒவ்வொரு முறை செய்யும்போதும் இரண்டு மூன்று போத்தலை விற்காமல், திகதி எழுதி அலுமாரியில் வையுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒன்றாகத் திறந்து மணந்து, ருசித்துப் பாருங்கள். எண்ணெய் சிக்கு வாடை அடிக்கத் தொடங்கும் நாளைக் குறித்துக்கொண்டு, அதற்கு நன்றாக முந்திய ஒரு திகதியை லேபலில் போடுங்கள்.