குடும்பத்தோடு பர்கர் கடைக்குப் போனால் எங்கே சொதப்புகிறோம்?

பர்கர் ஆறவிடக் கூடாத சாப்பாடு. தட்டு மேசைக்கு வந்த ஐந்து, பத்து நிமிடத்துக்குள் சாப்பிட்டால்தான் ருசி. நம் தெருமுனை பர்கர் கடைகளில் நடக்கும் தவறுகளில் பாதி, இந்தக் கணக்கை மறந்து ஆர்டர் கொடுப்பதால் வருபவை.

முதல் தவறு, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு உட்கார்ந்துகொள்வது. ஃபிரைஸ் சில நிமிடங்களில் தயாராகிவிடும்; ஐந்து பேருக்கு பர்கர் அடுக்கச் சின்னக் கடையில் இன்னும் நேரம் பிடிக்கும். பர்கர் வரும்போது ஃபிரைஸ் தொய்ந்து கிடக்கும். உருளைக்கிழங்கின் உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி மேல்தோலை நனைப்பதுதான் காரணம். "ஃபிரைஸைக் கடைசியில் போடுங்க, பர்கரோடயே வரட்டும்" என்று கவுண்டரிலேயே சொல்லிவிடுங்கள்.

ஆளுக்கொரு காம்போ (பர்கர், ஃபிரைஸ், கோலா சேர்ந்த செட்) வாங்குவதும் வேண்டாத செலவு. சிறு பிள்ளைகள் முழு பர்கரை முடிப்பது அபூர்வம், நாலு கப் கோலாவும் மிச்சம்தான். நாலு பேருக்கு இரண்டு காம்போ, ஒரு தனி பர்கர் என்று தொடங்குங்கள். பசி இருந்தால் பிறகு சூடாக இன்னொன்று சொல்லிக்கொள்ளலாம்.

சைவம் சாப்பிடுபவரோ புரட்டாசி விரதக்காரரோ கூட வந்தால் வெஜ் பர்கர் என்று சொல்வது மட்டும் போதாது. பல சின்னக் கடைகளில் சிக்கனும் ஃபிரைஸும் ஒரே எண்ணெயில்தான் பொரிகின்றன. பர்கரைப் பற்றி விசாரிப்பவர்கள்கூட ஃபிரைஸைக் கேட்க மறந்துவிடுவார்கள். "வெஜ்ஜுக்குத் தனி ஃபிரையர், தனி இடுக்கி இருக்கா?" என்று பணம் கட்டுவதற்கு முன்பே கேளுங்கள்.

மயோனைஸ் விஷயத்தில் கூச்சமே வேண்டாம். பச்சை முட்டையில் செய்த மயோனைஸுக்குத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுத் தடை விதித்தது; சால்மோனெல்லா போன்ற கிருமிகள்தான் காரணம். முட்டையில்லாத மயோனைஸா என்று கேளுங்கள். எதுவானாலும், பாட்டில் வெயிலில் மேசைமேல் நிற்கிறதா, குளிர்சாதனப் பெட்டியிலிருந்து வருகிறதா என்று ஒரு பார்வை பார்த்துக்கொள்ளலாம்.

சிக்கன் பேட்டி, அதாவது பன்னுக்கு நடுவில் வைக்கும் வட்டமான கறி, வெளியே பொன்னிறமாக இருந்தாலும் நடுவில் வேகாமல் இருக்கலாம். உறைந்த பேட்டியை அதிகச் சூட்டில் அவசரமாகப் பொரித்தால் அப்படித்தான் ஆகும். உள்ளே 74 டிகிரி செல்சியஸ் எட்ட வேண்டும். கையில் வெப்பமானி இருக்காதே? பிள்ளைக்குக் கொடுக்கும் முன் நடுவில் பிட்டுப் பாருங்கள். கொழகொழவென்றோ, நடுவில் ஜில்லென்றோ இருந்தால் தயங்காமல் திருப்பிக் கொடுங்கள். நன்றாக வெந்திருந்தாலும், சீஸ் வைத்த பேட்டியின் நடுப்பகுதி நாக்கைச் சுடும். இரண்டு நிமிடம் ஆறட்டும்.

பர்கர் சரியாமல் இருக்கக் குத்தும் டூத்பிக்கைப் பெரியவர்கள் முதலில் உருவிவிட வேண்டும். பன்னுக்குள் முழுதாக அமுங்கிய குச்சி கண்ணுக்கே தெரியாது. மூன்று, நாலு வயதுப் பிள்ளைக்கு பன்னையும் பேட்டியையும் தனித்தனியாகச் சிறு துண்டுகளாக்கித் தருவதே நல்லது. எள்ளோ முட்டையோ பாலோ ஒவ்வாதவர் இருந்தால் பன்னைப் பற்றியும் சாஸைப் பற்றியும் தனியாகக் கேளுங்கள்.

பில்லில் 'சர்வீஸ் சார்ஜ்' தானாக ஏறியிருந்தால் எடுக்கச் சொல்லலாம். அதைக் கட்டாயமாக வசூலிக்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே சொல்லிவிட்டது. டெல்லி உயர் நீதிமன்றமும் 2025 மார்ச்சில் அதை உறுதிசெய்தது. ஜிஎஸ்டி வேறு, சர்வீஸ் சார்ஜ் வேறு. எடுக்க மறுத்தால் நுகர்வோர் உதவி எண் 1915.

மிச்சத்தைப் பார்சல் கட்டினால் சாஸும் லெட்யூஸ் இலையும் தனியாக இருக்கட்டும். டப்பா மூடியை ஓரமாகத் திறந்து வையுங்கள், ஆவி வெளியேறட்டும். நம் ஊர் வெயிலில் ஒரு மணி நேரத்துக்குள் சாப்பிடுங்கள், இல்லாவிட்டால் ஃபிரிட்ஜில் வையுங்கள். மறுபடி சூடாக்கும்போது முழு பர்கரையும் மைக்ரோவேவில் வைத்தால் பன் ரப்பராகிவிடும். பேட்டியை மட்டும் தோசைக்கல்லில் மூடிபோட்டு நன்றாகச் சூடாக்கி, பன்னைக் கடைசி அரை நிமிடம் வெண்ணெயில் வாட்டினால் போதும்.